ஊரின் முதுகுப்பக்கம்

அக்காவின் பலகை லிஃப்டுக்குள் போகவில்லை. தம்பி நேராக வைத்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், மூலைக்கு மூலை குறுக்காக நிறுத்தியும் பார்த்தார். எப்படி வைத்தாலும் ஒரு கை நீளம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கதவு வந்து வந்து அதில் முட்டித் திரும்பிப் போயிற்று.

"பத்தரை அடி சார். போகாது," என்றாள் மறுமுனையைப் பிடித்திருந்த துடுப்புப் பலகைப் பயிற்சியாளர். முப்பது வயதுகூட ஆகாத பெண். ஏரியிலிருந்து அந்த மஞ்சள் பலகையை ஒரு வேனின் தலையில் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

போகாது என்பது அவருக்கும் தெரியும். இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் பரிசோதகர் வேலை. தான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டின் உள்ளளவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஆனால் காலை எட்டேகாலுக்கு அந்தத் தொலைபேசி வந்ததிலிருந்து, தெரிந்த விஷயங்களையும் ஒரு தடவை செய்து பார்த்தால்தான் நம்ப முடிந்தது.

"படியில போயிடலாம்மா."

"நாலு மாடி சார்."

"நாலுதானே."

அவர் முன்னால் பிடித்தார், அவள் பின்னால். திருப்பங்களில் பலகையைச் செங்குத்தாகத் தூக்கி, சுவரில் உரசாமல் திருப்பி இறக்க வேண்டியிருந்தது. இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கியது. பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்கள்.

பலகையின் வாலில் சுருள்சுருளான ஒரு கயிறு தொங்கியது. அதன் நுனியில் ஒட்டிப் பிரிக்கிற பட்டை ஒன்று.

"இதுதானா?"

"ஆமா சார். கால் கயிறு. கணுக்கால்ல சுத்திக்கணும். தண்ணில விழுந்தா பலகை நம்மள விட்டுப் போயிடாம இருக்க."

"காலைல கட்டியிருந்தாளா?"

"என் கண் முன்னாடிதான் கட்டினாங்க." அவள் கயிற்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். "அவங்க அதைக் கழட்டவே மாட்டாங்க சார். வேற யாராவது கட்டாம இறங்கினா கரையிலேர்ந்து சத்தம் போடறதே மேடம்தான்."

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்த தாளை அவர் தலைகீழாகவே படித்திருந்தார். அது தொழில் பழக்கம். 'காலில் பாதுகாப்புக் கயிறு இல்லை' என்று ஒரு வரி இருந்தது. அதை எழுதி முடித்துவிட்டுத்தான் போலீஸ்காரர் நிமிர்ந்து, "வீட்டுல ஏதாவது மனஸ்தாபமா சார்? தப்பா எடுத்துக்காதீங்க, கேட்டாகணும்" என்றார். "அப்படியெல்லாம் எதுவும் இல்லை" என்று இவர் சொல்லும்போது, பக்கத்தில் நின்றிருந்த மனைவியின் கையிலிருந்து தண்ணீர் பாட்டில் நழுவி உருண்டது.

பட்டையைப் பிரித்துப் பார்த்தார். உட்புறம் மெத்தென்ற துணி. அதில் விரல் அகலத்துக்குச் செம்பழுப்பாக ஒரு கறை. ஈரம் இன்னும் காயவில்லை. விரலில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். துரு.

"இந்தப் பலகையில இரும்பு எங்கேயாவது இருக்காம்மா?"

"இல்லியே சார். எல்லாம் நுரையும் பிளாஸ்டிக்கும்தான். ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். ஒன்றுமில்லை என்பது அவர் தொழிலில் கடைசியாக எழுதுகிற வார்த்தை. முதலில் எழுதுகிற வார்த்தை இல்லை.

"அவள எங்க கண்டெடுத்தாங்க?"

"வடக்குக் கோடியில சார். பம்ப் ஹவுஸ் பக்கத்துல. அங்க இருக்கறவர்தான் போன் பண்ணினார். எங்க எல்லை மிதவை வரிசையோட முடிஞ்சிடுது. மேடம் அதைத் தாண்டிப் போவாங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லிப் பாத்தேன். 'நீ உன் வேலையப் பாரு, நான் ஏரியப் பாக்கறேன்'பாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் குரலே அதில் இருந்தது.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அவர் வீட்டோடுதான் இருந்தாள். முப்பத்திரண்டு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் இருந்தாள். அரைவட்டமாக வெட்டிய ஒரு சாண் ஓட்டைக்குப் பின்னால்தான் உட்காரும் இடம். சீட்டு நீட்டுகிற கைகளைத்தான் அவளுக்குத் தெரியும், முகங்களைத் தெரியாது. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முதலில் கையைப் பார்ப்பாள். ஐம்பத்தாறு வயதில் வேலையை விட்டாள். மறு மாதமே ஏரியில் பலகை மேல் நின்று துடுப்புப் போடப் பழகப்போவதாகச் சொன்னாள். தண்ணீருக்கும் அவளுக்கும் அதுவரை குளியலறையோடு சரி.

"ஊரோட முதுகைப் பாத்திருக்கியாடா?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள். "முகத்தை எல்லாரும் பாக்கறோம். முதுகு ஏரிப் பக்கம்தான் இருக்கு. வந்து பாரு ஒரு நாள்."

"ஞாயித்துக்கிழமை வரேன்க்கா."

அப்படிச் சொல்லி நூறு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் ஆகியிருக்கும்.

*

பலகை கூடத்தில் இருந்தது. சமையலறை வாசலில் தொடங்கி பால்கனிக் கதவுவரை நீண்டு கிடந்தது. மனைவி ஒவ்வொரு தடவையும் அதைச் சுற்றிக்கொண்டு போனாள், தாண்டவில்லை. உடலை மறுநாள் பதினோரு மணிக்குத்தான் தருவார்கள். பரிசோதனை செய்ய வேண்டிய டாக்டர் காலையில்தான் வருவார். மகளுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லியாயிற்று, எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. மாலை வெயில் சமையலறைச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. மனைவி அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை.

"போதும், வா. வந்து உக்காரு."

அவள் கையிலிருந்த நாரைக் கீழே வைக்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நேத்து சாயங்காலம் நான் ஒண்ணு சொன்னேன். அண்ணிகிட்ட."

"என்ன சொன்ன?"

"கீழ் வீட்டுக்காரம்மா வந்து கத்திட்டுப் போனாங்க. அண்ணியோட ஈர உடுப்புலேர்ந்து அவங்க மெத்தை மேல சொட்டுதாம். எனக்குத் தலைவலி வேற. அந்த ஆத்திரத்துல கேட்டுட்டேன். இந்த வயசுல அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு நாலு பேர் பாக்க ஏரில நிக்கறீங்களே, இந்த வீட்டுல இருக்கறவங்களுக்கு மானம் மரியாதை வேண்டாமான்னு."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அதான். ஏதாவது சொல்லியிருந்தா சண்டையாப் போயிருக்கும், முடிஞ்சிருக்கும். பேசாம உடுப்பை எடுத்துக்கிட்டுப் போயி அவங்க ரூம் ஜன்னல்ல போட்டாங்க. காலைல டீ போட்டு மேஜை மேல வச்சிருந்தேன். அப்படியே இருந்துச்சு. குடிக்காமப் போயிட்டாங்க."

"அவ என்னிக்கு டீ குடிச்சிட்டுப் போனா?"

"தினமும் குடிப்பாங்க. அஞ்சரைக்கு, இங்க நின்னுக்கிட்டு. நீங்க அப்போ எழுந்திருக்க மாட்டீங்க. உங்களுக்குத் தெரியாது."

இரண்டு வருஷமாகத் தன் வீட்டுச் சமையலறையில், தான் தூங்கும் நேரத்தில், இரண்டு பெண்கள் நின்றபடி டீ குடித்திருக்கிறார்கள். என்ன பேசியிருப்பார்கள்? அதைக் கேட்கத் தோன்றியது. கேட்கிற வேளை இதுவல்ல என்றும் தோன்றியது.

"கயிறைக் கழட்டியிருந்தாங்கன்னு அந்தப் போலீஸ்காரர் எழுதினாரே," என்றாள் மனைவி.

"அதுக்கு எவ்வளவோ காரணம் இருக்கும். நீ சொன்னதுக்கும் அதுக்கும்…"

"வேண்டாம்." அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. "தெரியாம சொல்லாதீங்க. சமாதானத்துக்குச் சொல்லாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. இல்லேன்னா விடுங்க."

அவர் கூடத்துக்கு வந்து பலகையின் அருகே தரையில் உட்கார்ந்தார். லிஃப்ட் நடுவில் நின்றுபோன இடங்களுக்கு அவரைக் கூப்பிடும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் காரணம் சொல்லுவார்கள். அவர் கையை உயர்த்தி ஒன்றை மட்டும் கேட்பார்: கடைசியா எந்த மாடியில நின்னுச்சு? பட்டையை எடுத்து மறுபடி பார்த்தார். துருக்கறை காய்ந்து, ஓரம் சீராகத் தெரிந்தது. எதன் மேலோ உரசிக்கொண்டு போயிருந்தால் இப்படி இருக்காது. உருண்டையான ஏதோ ஒன்றை இறுகச் சுற்றியிருந்தால்தான் இப்படி இருக்கும்.

பயிற்சியாளருக்குத் தொலைபேசி செய்தார். "நாளைக்குக் காலைல என்னை வடக்குக் கோடிக்குக் கூட்டிட்டுப் போவியாம்மா? தண்ணி வழியா. அவ போன வழியில."

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?"

"தெரியும்னு சொல்ல முடியாது. முழுகாம இருக்கத் தெரியும்."

*

காலையில் பலகையை இறக்கும்போது மனைவி கேட்காமலேயே மறுமுனையைப் பிடித்தாள். உடல் ஆஸ்பத்திரியில் கிடக்க ஏரிக்குப் போகிற மனிதனை என்ன சொல்லித் திட்டுவது என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். திட்ட விருப்பமில்லாமலும் இருந்திருக்கலாம். திருப்பங்களில் மட்டும் "மெதுவா", "இந்தப் பக்கம்". கீழே வேனில் ஏற்றியதும், "பதினோரு மணி," என்றாள்.

"ஒம்பதுக்கெல்லாம் வந்துடுவேன்."

ஏரி விடிந்தும் விடியாமலும் இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் பயிற்சியாளர் பலகையைப் பிடித்துக்கொள்ள, அவர் ஏறி நின்றார். முழுதாக மூன்று வினாடி நின்றிருப்பார். தண்ணீர் காதுக்குள் போயிற்று. மறுபடி ஏறினார். இந்தத் தடவை நான்கு வினாடி.

"காலைப் பாக்காதீங்க சார். தூரமா எதையாவது பாருங்க."

"தூரமாப் பாத்துத்தான் விழுந்தேன்."

"மேடம் முதல் நாள் பதினேழு தடவை விழுந்தாங்க. எண்ணிக்கிட்டே இருந்தாங்க."

அவர் மூன்றாம் தடவை முயலவில்லை. மண்டியிட்டுத் துடுப்புப் போடலாம் என்றாள். ஐம்பத்தோரு வயது முழங்கால்கள் முனகின. பட்டையைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டார். பலகை நகர்ந்தது. பயிற்சியாளர் பக்கத்தில் தன் பலகையில் நின்றுகொண்டு, நடைபாதையில் நடந்து வருகிறவளைப் போலச் சாதாரணமாக வந்தாள்.

மிதவை வரிசையைத் தாண்டி ஒரு வளைவு திரும்பியதும் ஊர் முதுகைக் காட்டியது.

அவருக்கு முதலில் எதுவும் அடையாளம் தெரியவில்லை. இந்த ஊரில் அவர் ஏறி இறங்காத உயரமான கட்டடம் கிடையாது. ஆனால் எல்லாமே முன்வாசல் வழியாக. இங்கே கண்ணாடியும் பளிங்கும் பெயர்ப்பலகையும் இல்லை. பூசாத செங்கல். குழாய்கள். ஏசி பெட்டிகளின் கீழே நீண்டு இறங்கிய ஈரக்கோடுகள். பின்கட்டுப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் ஓட்டல் பணியாள். துடைப்பங்கள் காயும் ஜன்னல்கள். மொட்டைமாடிகளில் லிஃப்ட் இயந்திர அறைகளின் தலையை வைத்துத்தான் ஒவ்வொரு கட்டடமாக அவரால் இனங்காண முடிந்தது. அது வங்கிக் கட்டடம். அதன் கயிற்றை ஆறு மாதம் முன்புதான் மாற்றச் சொன்னார். அடுத்தது பல்மருத்துவக் கல்லூரி. முன்பக்கம் அத்தனை மிடுக்கான அந்தத் துணிக்கடைக்குப் பின்னால் கைகால் இல்லாத பொம்மைகள் சுவரோரம் வரிசையாக வெயில் காய்ந்தன.

"அட," என்றார் வாய்விட்டு.

"மேடமும் இங்க வந்தா இப்படித்தான் சொல்லுவாங்க சார்," என்றாள் பயிற்சியாளர்.

பழைய குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடி பால்கனியில் சக்கர நாற்காலியில் இருந்த கிழவர் ஒருவர் பலகையைக் கண்டதும் செய்தித்தாளை உயர்த்தி ஆட்டினார். கண் மங்கலாக இருக்க வேண்டும். மண்டியிட்டிருக்கும் ஆள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. இவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். கிழவர் திருப்தியாகச் செய்தித்தாளுக்குத் திரும்பினார்.

அடுத்து, அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். கரையோரம் கம்பிகளில் பச்சைத் துணிகள் வரிசையாகத் தொங்கின. ஒரு பெண் இடுப்பில் கூடையோடு குரல் கொடுத்தாள்.

"என்ன மாத்திரைக்காரம்மா, இன்னிக்கு உக்காந்துக்கிட்டு வர்றீங்க?" பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, ஆள் வேற! பலகையைப் பாத்து ஏமாந்துட்டேன். அவங்க வரலீங்களா?"

பயிற்சியாளர் அவரைப் பார்த்தாள். அவர் துடுப்பால் பலகையைக் கரையோரம் ஒதுக்கினார்.

"அவங்க என் அக்கா. நேத்து காலைல இறந்துட்டாங்கம்மா."

கூடை இறங்கியது. "நேத்துப் பாத்தேனே. நேத்துக்கூட இப்படி நின்னு பேசிட்டுப் போனாங்களே."

"எப்படி இருந்தாங்க? முகம் வாடி, வருத்தமா…"

"இல்லியே. எப்பவும் போலத்தான். 'இன்னியோட முடிச்சிடறேன்'னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே போனாங்க."

"எதை முடிக்கறாங்களாம்?"

"அதை நான் கேக்கலீங்க. வேலை கிடந்துச்சு."

கரையை விட்டு விலகிய பிறகு பயிற்சியாளர்தான் பேசினாள். "ஏரியைத்தான் சார் சொல்லியிருப்பாங்க. ஒரு வளைவு ஒரு வளைவா மொத்தக் கரையையும் பாத்துக்கிட்டு வந்தாங்க. வடக்குக் கோடி மட்டும்தான் பாக்கி. அந்தப் பக்கம் போனா, ஏழரைக்கு மேல திரும்பி வர்றப்ப எதிர்க்காத்து எழும்பிடும். அதனாலதான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தாங்க."

"இருக்கலாம்," என்றார். இருக்கலாம் என்பதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

*

பம்ப் ஹவுஸ் பார்ப்பதற்கு முன்பே கேட்டது. ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிமெண்டு மேடை. அதன் மேல் ஓட்டுக்கூரை போட்ட அறை. உள்ளே மோட்டார்களின் உறுமல். மேடையின் பக்கவாட்டில் தண்ணீருக்குள் இறங்கும் இரும்பு ஏணி. தூரத்திலிருந்தே அதன் நிறம் தெரிந்தது. செம்பழுப்பு.

ஏணியைப் பிடித்துப் பலகையை நிறுத்தினார். உள்ளங்கையெல்லாம் துரு. கணுக்காலிலிருந்து பட்டையைப் பிரித்து, தண்ணீருக்கு ஒரு சாண் மேலிருந்த படிக்கம்பியில் சுற்றி ஒட்டினார். அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. கையை விட்டார். பலகை கயிற்றின் நீளத்துக்கு விலகி, இழுபட்டு, அங்கேயே நின்றது.

"சார்! அதைக் கழட்டுங்க சார்!"

மேடையின் விளிம்பில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. கையில் எழுதுபலகையும் பேனாவும். முகம் வெளுத்திருந்தது.

"தயவு செஞ்சு கழட்டிடுங்க. அந்தக் கம்பியில வேண்டாம்."

"நேத்தும் இந்தக் கம்பியிலதான் கட்டியிருந்தாங்களா?"

காக்கிச் சட்டைக்காரர் திரும்பினார். உள்ளே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தார்கள். ஒவ்வொன்றாக மோட்டார்களின் சத்தம் அடங்கியது. ஏரி சட்டென்று பெரிதாயிற்று. பம்ப்காரர் திரும்பி வந்து ஏணியின் தலைப்பில் குந்தி உட்கார்ந்தார்.

"நீங்க யாரு சார்?"

"தம்பி. கூடப் பொறந்த தம்பி."

பம்ப்காரர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "போலீஸ்காரர் காலில கயிறு இருந்துச்சான்னு கேட்டாரு. இல்லன்னேன். எங்க இருந்துச்சுன்னு கேக்கல. நானும் சொல்லல. சொன்னா, அப்ப நீ எங்க இருந்தேன்னு கேப்பாரு. மிதந்து வந்தாங்கன்னு சொல்லிட்டேன் சார்."

"நான் போலீஸ் இல்ல. நடந்ததை மட்டும் சொல்லுங்க."

"ஏழேகால் ஏழு இருபது இருக்கும். நான் இங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். அவங்க நின்ன வாக்குல வந்தாங்க. ராணி மாதிரி. வணக்கமெல்லாம் இல்ல, வந்ததும் முதல் கேள்வி, 'ஏங்க, இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது?' சுத்தம் பண்ணி ஊருக்குப் போகுதும்மான்னேன். எந்த ஊருக்குன்னாங்க. இந்த ஊருக்குத்தான், தெக்குப் பக்கம் பூரா உங்க வீட்டுக் குழாயில வர்றது இதுதான்னேன். அதுக்கு ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க. 'அப்ப ரெண்டு வருஷமா நான் குடிக்கற டீக்குள்ளதான் விழுந்து எழுந்திருக்கேன்னு சொல்லுங்க!'ன்னாங்க."

பயிற்சியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்புறம்?"

"இன்னிக்கு டீகூடக் குடிக்காம ஓடி வந்தேன், காத்து எழும்பறதுக்குள்ள இந்தக் கோடியைப் பாத்துடணும்னு, அப்படின்னாங்க. அப்பத்தான் கவனிச்சேன், முகமெல்லாம் வேர்வை. தோளை இப்படிப் பிடிச்சு விட்டுக்கிட்டாங்க. 'கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன், இதுல கட்டிக்கலாமா?'ன்னு கேட்டாங்க. தாராளமா கட்டிக்கங்கன்னேன். காலிலேர்ந்து பட்டையை எடுத்து அவங்களே கட்டினாங்க. இழுத்துப் பாத்துக்கிட்டாங்க. ஃபிளாஸ்க்ல டீ இருக்கு, கொண்டாரட்டுமான்னேன். சரின்னு தலையாட்டினாங்க."

பம்ப்காரர் எழுதுபலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஏழரைக்கு மீட்டர் எழுதணும் சார். எழுதிட்டுக் கொண்டு போகலாம்னு உள்ள போனேன். நாலு மீட்டர். பத்து நிமிஷம். டீயோட வந்தேன். உக்காந்த வாக்குல முன்னால சாஞ்சிருந்தாங்க. நெத்தி பலகையில படிஞ்சிருந்துச்சு. தண்ணியைக் குனிஞ்சு பாக்கறாங்கன்னுதான் நெனச்சேன். டீயை இந்த ஓரத்துல வச்சிட்டு, அம்மா அம்மான்னு கூப்பிட்டேன். இறங்கிப் போயி, பட்டையைப் பிச்சு, பலகையோட கரைச் சரிவுக்குத் தள்ளிக்கிட்டுப் போனேன்." பம்ப்காரர் மோட்டார் அறையைத் திரும்பிப் பார்த்தார். "மோட்டார் ஓடுற சத்தத்துல, என்னைக் கூப்பிட்டிருந்தாக்கூட கேட்டிருக்காது சார். கூப்பிட்டிருப்பாங்களோன்னு ராத்திரி பூரா…"

இப்படிப்பட்ட மனிதர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கயிறு அறுந்த கட்டடங்களில், சுவரோரம் நின்று, நான் அப்போ அங்க இல்ல சார் என்று சொல்கிறவர்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்குவதோடு அவர் வேலை முடிந்துவிடும். இங்கே எழுதத் தாளும் பேனாவும் அந்த ஆளின் கையில்தான் இருந்தன.

"கூப்பிட்டாளா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது," என்றார். "தெரியாததை நீங்களா எழுதிக்காதீங்க. தெரிஞ்சது இது: இடம் கேட்டா, குடுத்தீங்க. டீ வேணும்னா, எடுத்துக்கிட்டு வந்தீங்க."

பம்ப்காரர் முகத்தைச் சட்டைக்கையில் துடைத்தார். "போலீஸ்ல சொல்லணுமா சார்?"

"தேவைப்பட்டா சொல்லுங்க. எனக்கு வீட்டுல ஒரு ஆள்கிட்ட சொன்னாப் போதும்."

கம்பியிலிருந்து பட்டையைப் பிரித்தார். அமைதியில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவர்கள் கொஞ்ச தூரம் போன பிறகுதான் மோட்டார்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அதற்குள் எதிர்க்காற்று எழும்பியிருந்தது. வந்ததைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது திரும்ப.

*

டாக்டர் பதினொன்றே முக்காலுக்கு வெளியே வந்தார். இதயம்தான் என்றார். நுரையீரலில் தண்ணீர் இல்லை, தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வீட்டில் மெத்தையில் இருந்திருந்தாலும் நடந்திருக்கும். போலீஸ்காரர் அதைத் தன் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்.

வண்டியில் அக்கா நடுவில் இருந்தாள். ஒரு பக்கப் பெஞ்சில் அவரும் மனைவியும். மகளும் மற்றவர்களும் பின்னால் வேறு வண்டிகளில். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் மனைவி தன் மடியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"டாக்டர் சொன்னது உடம்பைப் பத்தி. நீங்க போனது எதுக்கு?"

அவர் சொன்னார். வரிசையாக, நடந்தபடி, எதையும் சேர்க்காமல், விடாமல் சொன்னார். சலவைக்கூடத்துப் பெண் சொன்னதையும் விடவில்லை. ஏணியை, கம்பியை, பட்டையை அக்கா இழுத்துப் பார்த்துக்கொண்டதை. தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டதை. டீக்குள் விழுந்து எழுந்த கதைக்கு வந்தபோது மனைவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத்தான் தொடங்கியது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "காத்துக்காகவா டீ குடிக்காமப் போனாங்க?" என்றாள்.

"அப்படித்தான் அவர்கிட்ட சொல்லியிருக்கா."

"என் மேல கோவம்னு…"

"அது தெரியாது. இருந்துச்சோ இல்லையோ. முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட அதையெல்லாம் சொல்லுவாளா? ஆனா திரும்பி வர்றதுக்காகத்தான் கட்டி வச்சிருக்கா. அது எனக்குத் தெரியும்."

மனைவி தலையை அசைத்தாள். நகர்ந்து, அக்காவின் மேல் விரித்திருந்த வெள்ளைத் துணி கால்பக்கம் ஒதுங்கியிருந்ததைச் சரிசெய்தாள். கணுக்கால் தெரிந்த இடத்தில் கையை ஒரு கணம் வைத்திருந்து, பிறகு மூடினாள்.

வண்டி ஏரிச் சாலைக்குத் திரும்பிச் சிக்னலில் நின்றது. அந்தப் பக்கம் முழுவதும் கட்டடங்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மட்டும், ஒரு ஆள் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. மனைவி ஜன்னல் திரையை விலக்கினாள். இந்தச் சாலையில் எத்தனையோ வருஷம் போய்வந்திருக்கிறாள். அந்த இடைவெளியைப் பார்த்தவளாகத் தெரியவில்லை.

யாரோ ஒருவர், ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, தண்ணீரின் மேல் நின்றபடி இடப்பக்கச் சுவரிலிருந்து வெளிப்பட்டு, அவசரமில்லாமல் துடுப்புப் போட்டு, வலப்பக்கச் சுவருக்குப் பின்னால் மறைந்தார்.

"எப்படிங்க விழாம நிக்கிறாங்க?" என்றாள் மனைவி.

சிக்னல் விழுந்தது. வண்டி கிளம்பிய பிறகும் அவள் திரையை விடவில்லை. அடுத்த இடைவெளி எப்போது வரும் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.